ஏற்றத்தின் கணக்கு: கேதார்நாத் பாதை காட்டும் அறிவியல்

காவிரிப் படுகையில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடந்து செல்ல ஆகும் நேரத்தை அறிய இடையிலுள்ள தொலைவு ஒன்றே போதும். கும்பகோணத்திலிருந்து வலங்கைமானுக்குச் சுமார் 10 கி.மீ.; ஆற்றுப் பாலங்களின் சிறு ஏற்றத்தைத் தவிர வழியெங்கும் நிலம் மட்டமாகவே கிடப்பதால், மணிக்கு 5 கி.மீ. நடக்கும் ஒருவருக்குப் போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம் என்று கணக்கிட்டால் அது அநேகமாகத் தவறுவதில்லை. அதே மனிதர் உத்தராகண்டில் கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் வரையுள்ள 16 கி.மீ. பாதையையும் இந்தக் கணக்கோடு அணுகினால், மூன்றேகால் மணி நேரத்தில் கோயில் வாசலை அடைந்துவிடலாம் என்றே முடிவு செய்வார். உண்மையில் அங்கே ஏறுவோருக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரம் ஆகிறது, சிலருக்கு அதுவும் போதுவதில்லை. சமவெளியில் யாரும் பொருட்படுத்தத் தேவையில்லாத உயரம், காற்றழுத்தம், நீரோட்டம், பனி ஆகியவை மலையில் கணக்கின் முதன்மை உறுப்புகளாகிவிடுவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அவற்றைப் புறப்படுவதற்கு முன்பே தாளில் எழுதிப் பார்ப்பதைத்தான் மலையேறுவோர் பாதை திட்டமிடல் என்கின்றனர்.

கேதார்நாத் தமிழருக்குப் புதிய இடமன்று. திருக்கேதாரம் என்ற பெயரில் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய வடநாட்டுத் தலம் அது. சம்பந்தர் அங்கே நேரில் செல்லாமல் காளத்தியில் இருந்தவாறே பதிகம் பாடினார் என்பது பெரியபுராண மரபு. இன்றோ வலங்கைமான் வட்டத்து ஆலங்குடிக்குக் குருபெயர்ச்சிக்குச் செல்லும் அதே குடும்பங்கள் கோடை விடுமுறையில் ரயிலேறி ஹரித்வார் சென்று, அங்கிருந்து சாலை வழியே சோன்பிரயாகை வரை போய், மலையேற்றப் பயிற்சி ஏதுமின்றிக் கேதாரம் ஏறுகின்றன. கடல் மட்டத்துக்குச் சில பத்து மீட்டர் உயரத்தில் வாழ்ந்து பழகிய உடல், 3,583 மீட்டர் உயரத்துக்குச் சில நாட்களில் போய்ச் சேர்கிறது. 2013ஆம் ஆண்டு வெள்ளத்தில் பழைய வழி பாதியில் அறுந்துபோய்ப் புதுவழி போடப்பட்ட இடமும் இதுவேயாதலால், மலைப்பாதையை எதன் அடிப்படையில் தேர்கிறார்கள் என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தியாவில் கிடைப்பது அரிது.

திட்டமிடலின் முதல் கருவி வரைபடம். அந்த வரைபடத்துக்கு உயரம் எப்படி வந்து சேர்ந்தது என்ற வரலாற்றில் தஞ்சாவூருக்கும் ஒரு பங்கு உண்டு. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை, பின்னர் இந்தியா முழுவதற்கும் பரவியது. முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் அளக்காமலே கணக்கிட்டுவிடலாம் என்பதே அதன் அடிப்படை. கோணங்களை அளக்கத் தொலைநோக்கியும் பாகை குறித்த வட்டத் தகடும் பொருத்திய தியோடலைட் என்ற கருவி பயன்பட்டது. லாம்டனிடம் இருந்த பெரிய தியோடலைட்டின் எடை சுமார் அரை டன். குன்றுகள் உள்ள நாட்டில் அதை உச்சியில் நிறுத்தி நெடுந்தொலைவு நோக்க முடிந்தது. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும் சோழநாட்டு மட்ட நிலத்திலோ கோயில் கோபுரங்களே குன்றுகளாக உதவின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் சுமார் ஆறு வாரம் அடைந்து கிடந்து அதைத் தம் கையாலேயே சரிசெய்தார். தென்னிந்தியாவில் தொடங்கிய அந்த முக்கோணச் சங்கிலிதான் அரை நூற்றாண்டுக்குள் இமயத்தின் அடிவாரத்தை எட்டி, எவரெஸ்டின் உயரத்தை 29,002 அடி என்று சொன்னது. 2020இல் அறிவிக்கப்பட்ட 8,848.86 மீட்டரோடு ஒப்பிட்டால் பிழை 10 மீட்டரைக்கூடத் தொடவில்லை.

உயரம் தெரிந்த புள்ளிகள் போதிய அளவு கிடைத்தபின், ஒரே உயரத்திலுள்ள இடங்களையெல்லாம் இணைத்து வரையும் கோடு சமஉயரக் கோடு எனப்படும். தமிழ்நாட்டு உழவருக்கு இது கையால் தொட்டறிந்த செய்தி: பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணை வரை ஆனைமலைச் சரிவை ஒட்டிச் சுமார் 49 கி.மீ. ஓடும் கால்வாய்க்குச் சமஉயரக் கோட்டின் ஆங்கிலப் பெயரால் காண்டூர் கால்வாய் என்றே பெயர். மலை உள்ளே வளையும் இடத்தில் தானும் வளைந்து, வெளியே துருத்தும் இடத்தில் தானும் துருத்தி, மட்டத்தை விடாமல் செல்லும் அந்தக் கால்வாயே மண்ணில் வெட்டப்பட்ட ஒரு சமஉயரக் கோடுதான். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தில் தரையின் 1 கி.மீ. தாளில் 2 செ.மீ. ஆகும், உயர் இமயப் பகுதிகளில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடையே பெரும்பாலும் 40 மீட்டர் உயர வேறுபாடு இருக்கும். கோடுகள் விலகியிருந்தால் மென்சரிவு, நெருங்கியிருந்தால் செங்குத்து என்று பள்ளிப் புத்தகமே சொல்லிவிடும். மலையேறுவோருக்கு அது போதாது, எத்தனை பாகை என்பது வேண்டும். 30 பாகைச் சரிவில் 40 மீட்டர் ஏறுவதற்குள் கிடைத்தளத்தில் ஏறக்குறைய 69 மீட்டர் நகர வேண்டியிருப்பதால், தாளில் அந்த இரு கோடுகளும் 1.4 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும். 45 பாகையில் அது 0.8 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பனிச்சரிவுகள் மிகுதியாகப் புறப்படுவது 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான். அதைவிடச் சாய்வு குறைந்தால் பனி அரிதாகவே நழுவுகிறது, கூடினால் அங்கே கனமாகச் சேர்வதற்கு முன்பே சிறிது சிறிதாக உதிர்ந்துவிடுகிறது. ஆக, உயிரைப் பறிக்கக்கூடிய இந்தச் சரிவுகள் தாளில் அடங்குவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலான வேறுபாட்டுக்குள்.

இந்தக் கோடுகளை இப்போது கைப்பேசித் திரையிலேயே பார்க்க முடிகிறது. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடாரால் எடுத்த உயரத் தரவு போன்றவை, தரையை ஏறக்குறைய 30 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் தருகின்றன. சதுரத்துக்குள் இருப்பது அந்த ஒற்றை எண்ணில் கரைந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று 40 மீட்டர் இடைவெளிக் கோடுகளுக்கு நடுவே தடமின்றி மறைந்துபோகும். திரையில் சீராகத் தெரியும் சரிவு தரையில் கயிறின்றி இறங்க முடியாத இடமாக இருக்கலாம். செயலியில் விரலால் இழுத்த கோட்டைப் பாதை என்று நம்புவதே இன்றைய இளம் நடையாளர்களின் பெரிய பலவீனம் எனலாம்.

சரிவு தெரிந்தபின் அதை நேரமாக மாற்ற வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் எழுதிய எளிய விதி இன்றளவும் பயன்படுகிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் அரை மணி நேரம்; மெட்ரிக் அளவில் 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. கௌரிகுண்ட் சுமார் 1,980 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கேதார்நாத் வரை ஏற்றம் 1,600 மீட்டர்; தூரத்துக்கு 3.2 மணி, ஏற்றத்துக்கு 2.7 மணி, ஆக ஏறக்குறைய ஆறு மணி நேரம். சமவெளிக் கணக்கு இங்கேயே ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. நெய்ஸ்மித்தின் விதி உடல் தேறிய மலைநாட்டாருக்கு, இளைப்பாறல் சேர்க்காமல் எழுதப்பட்டது. அதில் தேநீர்க் கடை, கூட்ட நெரிசல், எதிரே வரும் கோவேறு கழுதைகளுக்கு ஒதுங்கி நிற்பது, மெலிந்த காற்று ஆகியவற்றைச் சேர்த்தால் எட்டு மணி நேரம் இயல்பாகவே வந்துவிடுகிறது. இறங்கும்போது நேரம் மிச்சமாகும் என்ற எண்ணமும் பாதியளவே சரி. மென்சரிவில் ஒவ்வொரு 300 மீட்டர் இறக்கத்துக்கும் பத்து நிமிடம் கழிக்கலாம் என்றும், 12 பாகைக்கு மேற்பட்ட செங்குத்தில் அதே பத்து நிமிடத்தைக் கூட்ட வேண்டும் என்றும் பின்னர் மலையேறி லாங்மியூர் திருத்தம் செய்தார்; முழங்கால் வலியோடு படி இறங்கியவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993இல், சுவிஸ் வரைபடக் கலைஞர் எட்வர்ட் இம்ஹோஃப் தந்த அளவீடுகளைக் கொண்டு, சரிவுக்கேற்ப நடை வேகம் எப்படி மாறுகிறது என்பதைச் சமன்பாடாக்கினார். அதன்படி மனிதன் மிக வேகமாக நடப்பது மட்ட நிலத்தில் அன்று, 5 சதவீத மெல்லிய இறக்கத்தில்தான்; அங்கே மணிக்கு 6 கி.மீ., மட்டத்தில் 5, பத்து சதவீத ஏற்றத்தில் மூன்றரை. கேதார்நாத் பாதையின் சராசரி ஏற்றம் சரியாகப் பத்து சதவீதம்தான், அதாவது நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் ஏறுகிறது. ஆனால் இந்தச் சமன்பாட்டில் சரிவு கூடக் கூட வேகம் நேர்க்கோட்டில் குறையாமல் மடங்கு மடங்காகக் குறைகிறது. ஆகவே மட்டமான பகுதியில் மிச்சப்படுத்திய நிமிடங்கள் செங்குத்தான பகுதியில் இழந்ததை ஈடுகட்டுவதில்லை. சராசரியை வைத்துத் திட்டமிடுவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியே நேரம் போட்டுக் கூட்டுவதே முறை. சுவிட்சர்லாந்தின் மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகளில் தூரத்துக்குப் பதிலாக நடை நேரம் எழுதப்பட்டிருப்பது இந்த அறிவின் விளைவே, நம் மலைத்தலங்களிலும் அப்படி எழுதினால் பலரின் மூச்சுவாங்கல் குறையும்.

மலைப்பாதை நேரே ஏறாமல் கொண்டை ஊசி வளைவுகளாக மடங்குவதற்கும் இதே கணக்குதான் காரணம். சாய்வு மிகக் குறைவாக இருந்தால் உயரம் சேர்வதற்குள் நெடுந்தொலைவு நடந்து ஆற்றல் வீணாகிறது. மிகக் கூடினால் ஒவ்வோர் அடிக்கும் தசை செலவிடும் ஆற்றல் எகிறுகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர் உயரத்துக்கு மிகக் குறைந்த ஆற்றல் செலவாகும் சாய்வு சுமார் 25 சதவீதம் என்று இத்தாலிய உடலியங்கியலாளர் ஆல்பர்ட்டோ மினெட்டி 1995இல் காட்டினார். உலகின் பல பகுதிகளில் பழைய ஒற்றையடிப் பாதைகள் அதே சாய்வை ஒட்டியே அமைந்திருப்பது, சமன்பாடு தெரியாத கால்கள் பல தலைமுறைகளில் கண்டுபிடித்த விடை.

இதுவரை சொன்னவை கால்களைப் பற்றியவை. மலையில் பெரும்பாலானோரைத் தோற்கடிப்பது மூச்சு. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 சதவீதம்தான் என்றாலும், உயரம் கூடக் கூட மேலிருந்து அழுத்தும் காற்றின் எடை குறைவதால் காற்றழுத்தமும் குறைகிறது. கேதார்நாத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு; ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்தில் நீர் சுமார் 88 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், தஞ்சையில் திறந்த பானையில் பதமாக வேகும் பொன்னி அரிசி அங்கே நெடுநேரம் கொதித்தும் நடுவில் வேகாமல் நிற்கும். குக்கர் இல்லாமல் சமையல் நடவாது. சோற்றுக்குக் குக்கர் உண்டு, உடலுக்கு அப்படியொன்று இல்லை. அது மூச்சை விரைவாக்கியும், பல நாட்களில் இரத்தத்தின் வேதியியலை மாற்றியும், வாரக்கணக்கில் சிவப்பணுக்களைப் பெருக்கியுமே புதிய உயரத்துக்குப் பழகுகிறது. பழகுமுன் மேலே போனால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவற்றோடு மலைநோய் தொடங்கி, முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரைப் பறிக்கிறது. உடற்பயிற்சி செய்து தேறிய இளைஞர்களையும் இது விடுவதில்லை.

இந்நோயைப் பற்றிய உலகின் அடிப்படை ஆய்வுகளுள் ஒன்று இந்திய ராணுவ மருத்துவர்களுடையது. 1962 சீனப் போரின்போது சமவெளிப் படைவீரர்கள் திடீரென்று இமய உயரங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டதை அடுத்து, இந்தர் சிங்கும் உடன் மருத்துவர்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த அனுபவத்தில் உருவான ராணுவ நடைமுறைப்படி 2,700 முதல் 3,600 மீட்டர் வரையுள்ள முதற்கட்டத்தில் ஆறு நாட்கள், அதற்கு மேல் 4,500 வரை நான்கு நாட்கள், அதற்கும் மேலே போக இன்னும் நான்கு நாட்கள் உடலைப் பழக்க வேண்டும். மலையேறுவோருக்கான மருத்துவ நெறி, 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மேலே ஏறாமல் தங்க வேண்டும் என்றும் சொல்கிறது. பகலில் எட்டிய உயரத்தைவிட இரவில் படுக்கும் உயரமே இங்கு முக்கியம். படைவீரருக்கு ஆறு நாள் விதித்த உயரத்தை அறுபது வயது யாத்திரிகர் ஒரே பகலில் எட்டி அங்கேயே உறங்குகிறார் என்பதே கேதார்நாத் பயணத்தின் நடைமுறை. சோன்பிரயாகையிலிருந்து 12.9 கி.மீ. நீளக் கம்பிவடப் பாதைக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. எட்டு ஒன்பது மணி நேரப் பயணம் 36 நிமிடமாகக் குறையும் என்கிறது அறிவிப்பு. முதியோருக்கு இது வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கால்களுக்குக் குறையும் சுமை நுரையீரலுக்குக் குறைவதில்லை, மேலே போய்ச் சேரும் வேகம்தான் நோயின் காரணமே என்பதை அந்த அறிவிப்போடு சேர்த்தே படிக்க வேண்டும்.

நீரைப் பற்றிச் சோழநாட்டாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் பனியாற்று நீருக்கு ஒரு தனி நடத்தை உண்டு. மேட்டூரில் திறந்த நீர் கல்லணை வந்து சேர மூன்று நான்கு நாள் ஆவதுபோல, நண்பகல் வெயிலில் பனியாற்றின் மேல் உருகும் நீரும் கீழே ஓடையில் வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது. ஆகவே அதிகாலையில் முழங்கால் அளவு ஓடிய ஓடை, பிற்பகலிலும் மாலையிலும் இடுப்பளவு பெருகி ஆளை இழுத்துவிடும். ஓடையைக் கடக்கும் இடம் பாதையின் எந்தப் பகுதியில் வருகிறது என்பதைப் பார்த்து, அங்கே காலையில் போய்ச் சேரும்படி முந்தின இரவின் முகாமை அமைப்பது வழக்கம். பனிப்பரப்பைக் கடப்பதும் இதே நியாயப்படி விடியற்காலையில்தான், இரவுக் குளிரில் இறுகிய பனி அப்போது ஆளைத் தாங்கும்.

பழைய கேதார்நாத் பாதை மந்தாகினி ஆற்றை ஒட்டியே, ராம்பாடா வழியாகச் சென்றது. ஆற்றோரம் சாய்வு சீராக இருக்கும், குடிநீர் கிடைக்கும், கடை போட இடம் இருக்கும். நூற்றாண்டுகளாக அந்தத் தேர்வில் யாரும் குறை காணவில்லை. 2013 ஜூன் நடுவில் பருவமழை வழக்கத்துக்கு முன்பே வந்து, கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி பனியாற்றருகே 24 மணி நேரத்தில் 300 மி.மீ.க்கும் மேல் கொட்டியது. பனியாறு முன்பு ஒதுக்கிவிட்டுப்போன கல்லும் மண்ணும் சேர்ந்த தளர்ந்த கரைக்குப் பின்னால் தேங்கியிருந்த ஏரி, ஜூன் 17 காலையில் அந்தக் கரையை உடைத்துக்கொண்டு இறங்கியது. கோயில் நின்றது, ராம்பாடா என்ற ஊரே இல்லாமல் போனது, உத்தராகண்ட் முழுவதும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமல் போயினர். அதன்பின் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் முன்னின்று அமைத்த புதுவழி, ராம்பாடா அருகே ஆற்றைக் கடந்து எதிர்ச்சரிவில் ஏறி லிஞ்சோலி வழியாகச் செல்கிறது. வெள்ளமட்டத்திலிருந்து விலகியதற்கு விலையாக ஏற்றம் கடினமாயிற்று, தூரமும் கூடிற்று. அதோடு பைரவ், குபேர் என்ற பெயர்கொண்ட, குளிர்காலப் பனி சரிந்து இறங்கும் ஓடைகளும் குறுக்கிட்டன. ஆண்டுதோறும் யாத்திரை தொடங்குமுன் அங்கே குவிந்த பனியை வெட்டித்தான் வழி திறக்கிறார்கள். 2024 ஜூலை 31 இரவின் பெருமழை இந்தப் பாதையையும் பல இடங்களில் அறுத்தது. ஆயிரக்கணக்கானோரை மீட்க வேண்டியதாயிற்று. மலைப்பாதை போடுவோர் ஆபத்தில்லாத கோட்டைத் தேடுவதில்லை, அப்படி ஒன்று இல்லை. எந்த ஆபத்து எந்த மாதத்தில், எந்த மணியில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிகிறதோ அந்தக் கோட்டைத் தேர்கிறார்கள்.

காலத்தேர்வு தவறினால் நல்ல பாதையும் காப்பாற்றாது. 2024 ஜூன் 3 அன்று உத்தராகண்டின் சஹஸ்ர தால் ஏரிக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்த கர்நாடகக் குழு 4,000 மீட்டருக்கு மேலான திறந்தவெளியில் பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் இறந்தனர். இமயத்தில் காலை தெளிந்திருந்து நண்பகலுக்குமேல் மேகம் திரள்வது வழக்கமாதலால், திரும்பும் மணி என்ற ஒன்றை முந்தின இரவே குறித்துக்கொள்வது மலையேறுவோரின் பழைய கட்டுப்பாடு: அந்த மணி வந்தால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். களைத்த மூளை மேலே நின்று எடுக்கும் முடிவைவிட, கீழே உட்கார்ந்து எடுத்த முடிவு நம்பத்தக்கது.

தமிழ்நாட்டு மலைகளில் பனிச்சரிவு இல்லை. அந்த இடத்தில் தீ இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காய்ந்த புல்லில் பரவிய தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தனர். மேல்நோக்கிச் செல்லும் தீயின் சுவாலை முன்னாலுள்ள புல்லின்மேல் சாய்ந்து அதை எரியுமுன்பே காய்ச்சிவிடுவதால், சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஏற்றத்தில் மனித வேகமோ டோப்ளர் காட்டியபடி சரிகிறது. ஓடித் தப்பும் வாய்ப்பு அங்கே இல்லை என்பதால், அந்த மாதங்களில் போகாமலிருப்பது ஒன்றே திட்டம். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டம், தீக்காலத்தை முன்னிட்டு அடுத்த ஆண்டு பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை நிறுத்தி வைக்கப்பட்டது இதனால்தான்.

காவிரிப் படுகையிலிருந்து கேதாரம் செல்வோர் மே மாதத்தையோ, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரையுள்ள காலத்தையோ தேர்வது நல்லது. ஜூன் பாதிக்குமேல் மேலே மழை தொடங்கிவிடும், அப்போது மேட்டூர் திறந்து குறுவைக்கு ஊரிலும் வேலை காத்திருக்கும். சோன்பிரயாகையிலோ கௌரிகுண்டிலோ ஓர் இரவுக்கு இரண்டு இரவு தங்கி, விடியுமுன் நடக்கத் தொடங்கி, இடம் கிடைத்தால் ஏற்றத்தை லிஞ்சோலிப் பக்கம் ஓர் இரவால் முறித்துக்கொள்ளலாம். மேலே தலைவலி கூடிக்கொண்டே போனால், தரிசனம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் விடியும்வரை காத்திராமல் துணையோடு இறங்கிவிட வேண்டும். 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே பெரும்பாலோருக்கு மலைநோய் தணிந்துவிடுகிறது.